போத்தலில் தண்ணீர்

கொழும்பிலிருந்து வந்த அந்த ஆராய்ச்சிக்காரரை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான். மடிப்புக் கலையாத காற்சட்டையோடு வன்னிக்குப் பாம்பு ஆராய வந்த மனிதர். பாம்பைப் பிடித்துக் கொடுத்ததோ ஊர் வயற்காரர் ஒருவர்.

ஐம்பதுகளின் கடைசி. ஒட்டுசுட்டானுக்கு அப்பால் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் மருந்து கலக்கிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மயக்க மருந்தான ஈதரைப் பூட்டி வைத்த அலுமாரியின் திறப்பும் என்னிடம்தான்.

மார்கழி மழை விட்ட காலை. கண்ணாடிச் சாடிக்குள் புடையன் பாம்பு, பக்கத்தில் ஈதரில் நனைத்த பஞ்சு. மயங்கிவிட்டால் மல்லாத்திப் போட்டாலும் பாம்பு அப்படியே கிடக்கும். இதுவோ அரை மணி நேரம் கழிந்தும் மெல்லப் புரண்டு திரும்பிக்கொண்டே இருந்தது.

"நீர் இதில தண்ணி கலந்திருக்கிறீர்" என்றார் ஆராய்ச்சிக்காரர்.

ஈதரில் தண்ணீர் ஊற்றினால் அடியில் தனியாக நிற்கும். அதுகூடத் தெரியாத படிப்பு! ஆனால் மேலிடத்துக்குக் கடிதம் எழுதத் தெரிந்திருந்தது. நான் ஈதரைத் திருடுகிறேன் என்று எழுதி, எனக்குத் தெரியும்படி சட்டைப் பையில் செருகிக்கொண்டார். அது தபாலில் போனால் என் வேலை போய்விடும். எனக்கு வேறு பிழைப்பும் தெரியாது.

"குளிருக்குப் பாம்பு மூச்சே ஒழுங்கா எடுக்காது ஐயா. வெயில் ஏறட்டும்" என்றார் வயற்காரர்.

"உம்மைக் கேட்டனானோ?"

மத்தியானம் சாடியை நானே முற்றத்து வெயிலில் வைத்தேன். சூடு ஏறியதும் அதே போத்தல், அதே அளவு. சில நிமிடங்களில் பாம்பு ஈரக் கயிறாகத் துவண்டது. அவர் நீளம் அளந்தார், செதில் எண்ணினார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"நல்ல போத்தலை எங்க ஒளிச்சு வைச்சிருந்தனீர்? நாளைக்குக் காலமை என்ர போத்தலால செய்து காட்டுறன்."

வெயில் என்று ஒன்று இருப்பதை நம்புவதைவிட என்னைக் கள்ளன் என்று நம்புவது அவருக்குச் சுலபமாக இருந்தது. அந்த மனிதருக்கு "ஓம் ஐயா" சொல்லிக்கொண்டு நின்ற என்னையும் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையும் அதே குளிர். ஜீப்பிலிருந்து முத்திரை உடைக்காத போத்தலைக் கொண்டுவந்து, என்னைத் தொடவிடாமல் தானே ஊற்றினார். அரை மணி நேரம் போனது. மல்லாத்திப் போட்ட பாம்பு, அவசரமே இல்லாமல் புரண்டு திரும்பி நாக்கை நீட்டியது.

"இதிலயும் தண்ணி கலந்தது நானோ, ஐயா?" என்று கேட்டேன்.

வயற்காரர் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டார். ஆராய்ச்சிக்காரர் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்தார். மன்னிப்புக் கேட்கவில்லை.

"இந்தப் பாம்புக்கு ஏதோ நோய் வருத்தம்" என்றார்.