சைபர் என்று எழுதிய நாட்கள்

லுசாகாவில் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட்டில் பதினாறு வருஷமாக லுயாண்டோ மொழிபெயர்ப்பாளர். டோங்கா மொழி பேசுகிறவர்கள் கூண்டில் ஏறினால் அவர்கள் சொல்வதை ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அழுகையையோ கோபத்தையோ சேர்க்காமல், சொன்னதை மட்டும். அதில் அவள் கெட்டிக்காரி.

முப்பத்தொன்பது வயதில் பல்லுக்குக் கிளிப்பு போட்டுக்கொண்டாள். யோசனை அவளுடையதல்ல. மேல்வரிசையில் இரண்டு பற்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நின்றதால், கையால் வாயை மூடிக்கொண்டுதான் சிரிப்பாள். "கையை எடுத்துட்டு நீ சிரிக்கிறதை ஒரு தடவையாவது பாக்கணும்" என்று கணவன் மைம்போதான் டாக்டரிடம் தேதி வாங்கினான். அந்தத் தேதிக்கு ஐந்து வாரம் முன்னால் கஃபுவே சாலையில் லாரி மோதி அவன் போய்விட்டான்.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் போன பிறகு, நாளை வரவேண்டும் என்று கிளினிக்கிலிருந்து போனில் செய்தி வந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேட வேண்டும். போவது அதைவிடச் சுலபம். போனாள்.

"முதல் நாலஞ்சு நாள் நல்லா வலிக்கும்மா" என்றார் டாக்டர் முவாலே. "பாரசிட்டமால் போடுங்க. உப்புத் தண்ணில கொப்பளிங்க. சுட்ட சோளம் பக்கமே போகாதீங்க. கம்பி உரசுற இடத்துல இந்த மெழுகைக் கொஞ்சம் உருட்டி ஒட்டிக்கங்க."

மெழுகு டப்பா கைப்பைக்குள் போனது. அவள் அதைத் திறக்கவேயில்லை.

தங்கை சோல்வே அன்று சாயங்காலமே வந்தாள். "வாயைத் திற அக்கா, பாப்போம். கேட் போட்டுப் பூட்டின மாதிரில்ல இருக்கு. சாவி யார்கிட்ட?"

சிரிக்க வேண்டிய இடம் என்று லுயாண்டோவுக்குத் தெரிந்தது. உதட்டை விரித்தாள்.

"வலிக்குதா?"

"இல்லை."

"பொய் சொல்லாதக்கா. எங்க ஆபீஸ்ல ஒருத்தி மூணு நாள் அழுதா."

"இல்லைன்னா இல்லை."

அது பொய்யில்லை. பற்கள் யாருடைய வாயிலோ இருப்பது போலிருந்தது. கோர்ட், வீடு, மாதத்துக்கொருமுறை கம்பியை இறுக்குவது என்று நாட்கள் போயின.

மூன்றாம் மாதம் ஒரு மாட்டுத் திருட்டு வழக்கு. ஒரு கிழவர் தன் மாடுகளின் நிறத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருந்தார். லுயாண்டோ ஐந்தாவது மாட்டுக்கு வந்தபோது மாஜிஸ்திரேட் பேனாவைக் கீழே வைத்தார்.

"அம்மா, உங்க வாயில ரத்தம்."

கைக்குட்டையால் துடைத்தாள். சிவப்பாக வந்தது. "பரவாயில்லை ஐயா, தொடரலாம்."

"வேண்டாம். முதல்ல டாக்டரைப் பாருங்க."

கடைவாய்ப்பல் பக்கம் கம்பியின் முனை நழுவி வெளியே வந்து கன்னத்துக்குள் இறங்கியிருந்தது. டாக்டர் முவாலே அதை நறுக்கி எடுத்தார்.

"நாலு நாளாவது குத்திட்டிருந்திருக்கும். எப்படிம்மா தாங்கினீங்க?"

"தாங்கலை டாக்டர். எனக்குத் தெரியலை."

அவர் கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்டூலை அவள் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீட்டில் ஏதாவது நடந்ததா என்று கேட்டார். சொன்னாள், கோர்ட்டில் சொல்வது போலவே. அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

"தினமும் ஒரு எண் எழுதுங்க. வலியே இல்லேன்னா சைபர், தாங்க முடியலேன்னா பத்து. மெழுகை மட்டும் மறக்காதீங்க. வலி சொல்லாட்டி, நாமதான் கண்ணாடில பாத்துக்கணும்."

எழுதச் சொன்னதால் எழுதினாள். சைபர். சைபர். கன்னத்துப் புண் ஆறியது. நோட்டில் ஒரு பக்கம் முழுக்கச் சைபர்.

அடுத்த முறை கம்பியை இறுக்கிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். ந்ஷிமா களியை உருட்டி, கீரையில் தொட்டு வாயில் போட்டாள். மென்மையான களிதான். முன்பல்லில் தொடங்கிய வலி தாடையெல்லாம் பரவிக் காது வரை போனது. தட்டைத் தள்ளி வைத்தாள். நோட்டை எடுத்து ஏழு என்று எழுதினாள். பிறகு தங்கைக்குப் போன் செய்தாள்.

"சோல்வே, வலிக்குது."

"என்னக்கா?"

"பல்லு. ரொம்ப வலிக்குது."

சோல்வே ஒரு பாத்திரம் நிறையக் குளிர்ந்த சோளப் பானகமும் மாத்திரையும் கொண்டுவந்தாள். மாத்திரை வேலை செய்ய அரை மணி நேரம் ஆகும் என்றாள். இருவரும் சோபாவில் உட்கார்ந்திருந்தார்கள். லுயாண்டோ கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "மைம்போ இருந்தா கேலி பண்ணியே கொன்னிருப்பாரு" என்றாள். ஐந்து மாதத்தில் அந்தப் பெயரை அவள் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. கண்ணில் கொஞ்சம் தண்ணீர் வந்தது. அதிகமில்லை.

மறுநாள் நான்கு. அதன்பின் இரண்டு. பிறகு பல நாள் சைபர்தான். அவற்றில் எது பல் ஓய்ந்த சைபர், எது அவள் மரத்துப்போன சைபர் என்று சில நாள் அவளுக்கே தெரியவில்லை. அடுத்த மாதம் கம்பியை இறுக்கக் கிளினிக்குக்குக் கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், யாரும் சொல்லாமலே ஒரு வலி மாத்திரை போட்டுக்கொண்டாள்.