பிள்ளைக்குப் பக்கத்து இடம்

நான் செத்தால் எங்கே வைப்பது என்று மகன் கேட்கிறான். கோபத்தில் கேட்பதில்லை. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, மண்ணெண்ணெய் விலையைப் பற்றிக் கதைப்பதுபோலக் கேட்கிறான். அவன் கேட்பதிலும் நியாயம் இருக்கிறது. எங்கள் குடும்பம் இப்போது இரண்டு மண்ணில் கிடக்கிறது. கடற்கரைக் கத்தோலிக்கக் கோவிலின் கல்லறைக் காணியில், சேமக்காலையில், என் சின்ன மகள். பண்டத்தரிப்புக்கு அங்கால், அல்லேலூயாச் சபைக்காரர் பிரேதம் தாழ்ப்பதற்கென்று வாங்கிய பனங்காணியில் என் மனுசன்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் நிற்கிற இடத்தில் வாய் திறந்து பழக்கமில்லை. எழுதினால் ஒருவரும் என் முகத்தைப் பார்க்கமாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

என் மனுசன் கடலுக்குப் போனவர். தபசு காலத்தில் கோவிலில் பசாம் பாடுவார். இயேசுநாதர் பட்ட பாடுகளை ஒப்பாரிபோல இழுத்துப் பாடுவதைத்தான் நாங்கள் பசாம் என்போம். தகப்பனிடம் காதால் கேட்டுப் படித்தது. அவர் குரல் எழும்பினால் பெண்கள் மூக்கை உறிஞ்சத் தொடங்குவார்கள். அதே குரலால், குடித்துவிட்டு வந்து, ஒழுங்கை முழுக்கக் கேட்க என்னைப் பேசுவார். குடியை விடுவதாக அந்தோனியாருக்கு அவர் வைத்த நேர்த்திகளைக் கேட்டுக் கேட்டு அந்தோனியாருக்கே அலுத்துப்போயிருக்கும்.

ஈரல் வீங்கி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் கோவிலிலிருந்து ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. சபைப் பாஸ்டர் வந்தார். பக்கத்துக் கட்டில்காரரைப் பார்க்க வந்தவர், இவருக்கும் சேர்த்து வேதம் வாசித்தார். பிறகு நாள்தோறும் வந்தார். வீட்டுக்கு வந்தபின் இவர் ஒரு சொட்டும் தொடவில்லை. அந்த நன்மையை நான் மறைக்கமாட்டேன். ஆனால் குடி போன வழியால் பசாமும் போனது, செபமாலையும் போனது. மகனும் அவர் பின்னால் சபைக்குப் போய்விட்டான். அந்தோனியார் சுரூபத்தை இவர் சுவரிலிருந்து இறக்கி என் கையில் தந்தார். நான் அதைக் குசினியில் அரிசிப் பேணிக்குப் பின்னால் வைத்தேன்.

அதற்குப் பிறகு எதை எடுத்தாலும் இவருக்கு ஒரே கேள்விதான்.

"இஞ்சேர், உந்த மணியை உருட்டச் சொல்லி வேதத்திலை எங்கை கிடக்கு?"

"நீங்கள் குடிச்சுப்போட்டு விழுந்து கிடக்கேக்கை இதை உருட்டிக்கொண்டுதான் நான் இருந்தனான். அப்ப ஒருநாளும் கேக்கேல்லையே?"

"அப்ப எனக்கு வெளிச்சம் கிடைக்கேல்லை."

"எனக்குக் குப்பிவிளக்கு இருந்தது. அது காணும்."

இவர் சிரித்துவிட்டார். குடியை விட்ட மனுசனுக்குச் சிரிப்பு வந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கண்ணில் படலம் விழுந்திருந்ததால் பின்னேரங்களில் நான்தான் அவருக்கு வேதம் வாசிப்பேன். விரலால் தொட்டுத் தொட்டு, எழுத்துக் கூட்டி வாசிப்பேன். வாசித்து முடித்ததும் குசினிக்குப் போய்ச் செபமாலை சொல்லுவேன். ஒரே வீட்டுக்குள் இரண்டு கோவில். சண்டை இல்லை, ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து கும்பிட்ட காலம் முடிந்துபோனது.

எங்கள் சின்ன மகள் இடம்பெயர்ந்து திரும்பிய வருஷம் காய்ச்சலில் செத்தவள். அப்போதுதான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தாள். சேமக்காலையில் கடல் பக்கத்து மதிலோடு அவளுக்கு ஒரு சீமெந்துக் குருசு. ஆத்துமாக்களின் நாள் வந்தால் முதல்நாளே இவர் அதற்குச் சுண்ணாம்பு அடிப்பார். சபைக்குப் போனபிறகு அதையும் விட்டார். செத்தவர்களுக்கு மெழுகுதிரி கொளுத்த வேதத்தில் இடமில்லையாம். ஒரு வருஷம் நான் தனியே சுண்ணாம்பு வாளியோடு போனேன். குருசு ஏற்கெனவே வெள்ளையாக இருந்தது. தூரிகை போன தடத்தைப் பார்த்தேன். வள்ளத்துக்கு இவர் வர்ணம் பூசுகிறமாதிரி நீளத்துக்கு ஒரே இழுவை. வாளியை அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு பின்னேரம், மகன் தேத்தண்ணி வாங்கப் போன இடைவெளியில், என் கையைப் பிடித்தார்.

"என்னைப் பிள்ளைக்குப் பக்கத்திலை வையுங்கோ."

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"அது வேதத்திலை இல்லை, எனக்குத் தெரியும்" என்றார். "எண்டாலும் வையுங்கோ."

மூன்றாம் நாள் அவர் போய்விட்டார்.

பிரேதம் வீட்டுக்கு வருமுன்னமே நான் கோவிலுக்குப் போனேன். பாதர் சின்ன வயசுக்காரர், மாற்றலாகி வந்து கொஞ்ச நாள்தான். முகத்தைத் தாழ்த்திக்கொண்டு, "அம்மா, சேமக்காலை விசயம் பங்குச் சனத்தின்ரை வழக்கம். அதிலை நான் கை வைச்சால் இஞ்சை இருக்க விடமாட்டினம்" என்றார். கோவிலின் பங்குச் சபைத் தலைவரிடம் அனுப்பினார். தலைவர் எங்கள் ஒழுங்கைக்காரர்தான். இவரோடு ஒன்றாய்ப் பசாம் பாடினவர். வீட்டு முற்றத்தில் நாலைந்து பேரோடு நின்றார்.

"அக்கா, கோவிலை விட்டுப்போன ஆக்களுக்கு மணி அடிக்கிறதும் இல்லை, சேமக்காலையிலை வைக்கிறதும் இல்லை. எங்கடை அப்பன், அப்பனுக்கு அப்பன் காலத்திலை இருந்து இதுதான் வழக்கம்."

என் வாயால் வந்தது என் பேச்சு இல்லை. "அது வேதத்திலை எங்கை இருக்கு?" என்று கேட்டேன்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். தலைவரும் சிரித்தார். "பாத்தியளே, மனுசன் செத்தும் உங்கடை வாயிலை இருந்து கதைக்கிறார். எல்லாம் வேதத்திலையோ இருக்கு? செபமாலை இருக்கோ? நீங்களும் உருட்டுறியள்தானே?"

அவர் சொன்னது உண்மைதான். அந்தக் கேள்வியை இவர் குசினி வாசலில் நின்று கேட்டபோது எனக்குக் கோபம் வந்தது. இப்போது அதையே கடன்வாங்கிக் கேட்டால் யார் கேட்பார்கள்?

பிறகு அவர் குரலைத் தணித்தார். "ஒரு வழி இருக்கு அக்கா. கடைசி நேரம் மனம் திரும்பி எங்கடை தாய்ச் சபைக்கே வந்திட்டார் எண்டு பாதரிட்டை ஒரு வார்த்தை சொல்லுங்கோ. ஆர் போய்ப் பாக்கிறது? நாங்கள் மணியும் அடிப்பம், பசாமும் பாடுவம்."

நான் வந்துவிட்டேன். குடித்த காலத்தில் இவர் சொன்ன பொய்களுக்குக் கணக்கில்லை. குடியை விட்டபிறகு ஒரு பொய் சொன்னதை நான் கேட்டதில்லை. அவரே எடுத்தெறிந்த பொய்யை, செத்தபிறகு அவர் வாயில் நான் எப்படித் திணிப்பேன்?

வீட்டில் பாஸ்டர் வந்திருந்தார். அவரிடமும் கேட்டேன். சேமக்காலைக்காரர் ஓம் என்றால் நீங்கள் விடுவீர்களோ என்று.

"அம்மா, அங்கை சுரூபங்களுக்கு நடுவிலை ஒரு விசுவாசியைக் கொண்டுபோய் வைக்க ஏலாது. எங்கை வைச்சாலும் கர்த்தர் எழுப்புவார். இடத்திலை என்ன இருக்கு?"

"எகிப்திலை செத்தவர் ஒராள், தன்ரை எலும்பைச் சொந்த மண்ணுக்குக் கொண்டுபோகச் சொல்லிச் சத்தியம் வாங்கினவரெல்லே, ஐயா? நான் இவருக்கு வாசிச்சனான்."

"அது பழைய ஏற்பாடு அம்மா."

வேதம் என்று இத்தனை வருஷமும் இந்த வீட்டில் அடித்துச் சொன்னது முழுப் புத்தகத்தையும் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

"அவர் என்னட்டைக் கேட்டவர்" என்றேன்.

மகன்தான் சொன்னான்: "எணேய் அம்மா, அது வருத்தத்திலை, விசுவாசம் பலவீனப்பட்ட நேரம் சொன்னது. அதைப் பெரிசாய் எடுக்காதையுங்கோ."

அவர் சொல்லாததைச் சொன்னார் என்று சொல்லச் சொன்னது கோவில். சொன்னதைச் சொல்லாததாக எண்ணச் சொன்னது சபை. அந்த மனுசன் உண்மையாகச் சொன்ன ஒரு வார்த்தைக்கு இரண்டிலும் இடமில்லை.

வெயில் நேரம். பிரேதத்தை வைத்துக்கொண்டு எத்தனை பேரோடு மல்லுக்கட்ட முடியும்? சபையின் வான் வண்டியில் கொண்டுபோனார்கள். கோவிலைத் தாண்டித்தான் போனது. மணி அடிக்கவில்லை. பனங்காணியில் கீபோட் வாசித்துப் பாடினார்கள், நல்லாத்தான் பாடினார்கள். குருசு வைக்கவில்லை. தலைமாட்டில் ஒரு கல். நான் கொண்டுபோன மெழுகுதிரியைத் திருப்பிக் கொண்டுவந்தேன்.

அந்த மெழுகுதிரியைத்தான் ஆத்துமாக்களின் நாளில் மகளின் குருசடியில் கொளுத்தினேன். அந்த வருஷம் சுண்ணாம்பு அடிக்க ஆள் இல்லை. குருசு பாசி பிடித்துப்போய் இருந்தது. தலைவர் தன் ஆட்களின் குழிகளைப் பார்த்துவிட்டு என் பக்கம் வந்தார். இரக்கமாகத்தான் சொன்னார்.

"அக்கா, மனுசனுக்கும் ஒண்டு கொளுத்துங்கோவன். நாங்களும் ஒரு செபம் சொல்லுவம்."

"அவர் இஞ்சை இல்லை. நீங்கள் விடேல்லை."

சனம் திரும்பிப் பார்த்தது. என் குரல் அவ்வளவு சத்தமாக வருமென்று எனக்கே தெரியாது.

"உந்தப் பழைய கதையை ஏன் இப்ப எடுக்கிறியள்?" என்றார்.

"பழசு எண்டால் உங்களுக்குப் பெரிசெல்லே? அப்பன், அப்பனுக்கு அப்பன் எண்டு அண்டைக்குச் சொன்னனீங்கள். இதுவும் பழசாகட்டும். பிறகு வழக்கமாய் வைச்சிருங்கோ."

அவர் தன் ஆட்களின் குழிப் பக்கம் திரும்பிப் போய்விட்டார். சாய்ந்த திரியை நிமிர்த்தப் போய் மெழுகு என் புறங்கையில் ஊற்றுப்பட்டது.

நேற்றும் மகன் கேட்டான். இம்முறை மறுமொழி சொன்னேன்.

"பிள்ளைக்குப் பக்கத்திலை."

"அப்பாவுக்குப் பக்கத்திலை வேண்டாமோ?"

"அப்பா கேட்டதும் அந்த இடந்தான்."

"அங்கை செபமாலையும் புகையும்... எங்கடை விசுவாசத்துக்கு அது..."

"உன்ரை விசுவாசத்தை ஆர் கேட்டது? இடத்தைக் கேட்டனி, சொல்லிப்போட்டன்."

அவன் கையைக் கழுவப் போய்விட்டான்.

ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறேன். முன்வரிசை வாங்கில் இருந்து தலைவர் எல்லோருக்கும் மேலால் குரலெடுத்துப் பாடுவார். நான் பின்னால், தூணோடு இருப்பேன். நான் வந்ததை அவர் காணவேண்டும் என்பதற்காகவே, பாதர் கையால் நன்மை அப்பம் வாங்க அவர் இருக்கிற பக்கத்தால் போகிறேன். கும்பிட வருகிறேன் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மதிலோரம் அந்த ஆறடி நிலம் கைவிட்டுப் போகாமல் இருக்கத்தான் வருகிறேன். இப்படிச் சொல்வது பாவம் என்று தெரியும். அது வேதத்தில் பாவமோ வழக்கத்தில் பாவமோ, நான் ஒருவரிடமும் கேட்கப்போவதில்லை.