தாழிட்ட அறைக்குள் என் அம்மா

என் திருமணத்தன்று என் அம்மாவை ஓர் அறைக்குள் விட்டு வெளியே தாழிட்டவள் நான்தான். ஆம்... நானேதான்! பதினேழு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அப்பா குறிஞ்சிப்பாடிப் பக்கத்து விவசாயக் குடும்பம். அம்மா மெஹருன்னிசா, கடலூர் முதுநகர். மதம் மாறாமலே மணந்துகொண்டு செம்மண்டலத்தில் குடியேறினார்கள். ரமலான் மாதத்தில் அம்மா நோன்பு திறக்கும்வரை அப்பாவும் சாப்பிடமாட்டார். அப்பா திருவதிகைக் கோயிலுக்குப் புறப்பட்டால் அம்மாதான் பூக் கட்டிக் கொடுப்பார். எத்தனை பேருக்கு வாய்க்கும் அப்படியொரு வீடு!

அந்த வீட்டைத்தான் நான் மறைத்தேன். தாலி ஏறும்வரை சிதம்பரத்து மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக்கூடாது என்று அழுது சாதித்தேன். அம்மா நெற்றியில் பொட்டோடு மண்டபத்துக்கு வந்தார்.

"விடிகாலத் தொழுகைய மட்டும் வுடமாட்டேன் புள்ள. பத்து நிமிசந்தான்."

மணமகள் அறையை ஒட்டிய சின்ன அறையில், முகம் கழுவித் தொழ நின்றார். மாப்பிள்ளை வீட்டுப் பெண்களின் பேச்சுக்குரல் நெருங்கியது. தாழிட்டேன். அது பயம் என்றே வையுங்கள்... அவர்கள் போன பிறகு? திறந்திருக்கலாமே! பொட்டில்லாத முகத்தோடு வந்துவிடுவாரோ என்று திறக்கவில்லை.

மணமேடையில் அப்பா குனிந்து கேட்டார். "அம்மா எங்கம்மா?"

"தல சுத்துதாம்ப்பா. படுத்திருக்காங்க."

கெட்டிமேளம் முழங்கியது.

பிறகு ஓடிப்போய்த் திறந்தேன். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். மறுபடியும் பொட்டு வைத்திருந்தார்!

நான் அஞ்சியது எதுவும் நடக்கவில்லை. சில மாதங்களில் விஷயம் தெரிந்தபோது மாமியார், "இத மொதல்லயே சொல்றதுக்கென்னா?" என்றதோடு சரி. அந்தக் கேள்வி என்னை எப்படிச் சுட்டது என்று உங்களுக்குத் தெரியுமா?

சென்ற ஆண்டு என் மகள் தன் வேர்களைப் பார்க்க வேண்டுமென்றாள். குறிஞ்சிப்பாடி நிலத்தைப் பார்த்துவிட்டு, முதுநகரில் அம்மாவின் அண்ணன் வீட்டுக்கு முதன்முறையாகப் போனோம். அம்மாவோடு பல காலம் பேசாதிருந்தவர் அவர். வாசலில் மகளை உற்றுப் பார்த்தார்.

"நீ யாரு வூட்டுப் புள்ள?"

"ரெண்டு வூட்டுப் புள்ள தாத்தா!"

பெரியவர் சிரித்துவிட்டார். "உள்ள வா" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டார். எனக்கு அவ்வளவு பெருமை! என் வாயிலிருந்து என்றோ வந்திருக்க வேண்டிய சொற்கள்...

அன்று மாலை செம்மண்டலத்தில் அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா அன்னிக்கிக் கதவத் தட்டல?"

"தட்டியிருந்தா எல்லாருக்கும் தெரிஞ்சிபோயிருக்குமே புள்ள. நீ அதுக்குத்தான பயந்த?"

இரு குலத்தின் மகள் என்று இன்று யாரிடமும் தலைநிமிர்ந்து சொல்கிறேன். அந்தப் பெருமையைத் தந்தவரோ என் கழுத்தில் தாலி ஏறியதைப் பார்க்கவில்லை. என்னை மன்னித்தாரா? கேட்க இன்னும் எனக்குத் துணிவில்லை.