கையில் வாங்கிய கத்தி

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் காலை பஸ்ஸில் உத்திராபதிதான் கண்டக்டர். சட்டைப் பையில் ஒரு மைப் பேனா, கழுத்துக் கயிற்றில் விசில், தோளில் தொங்கும் தோல்பையில் டிக்கெட் கட்டும் ஓட்டை போடும் இடுக்கியும், கால்சட்டைப் பையில் ஒரு பேனாக்கத்தி. இத்தனையும் இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. அறுபத்து மூன்றாம் வருஷத்தில் நான் சிதம்பரம் மேலவீதியில் ஒரு ஜவுளிக்கடையில் துணி கிழித்துக்கொண்டிருந்தேன். போக வர அந்த பஸ்தான். அதனால் இங்கே எழுதுவதில் முக்கால்வாசி என் கண்ணால் பார்த்தது. மீதியை அவரே என்னிடம் சொன்னார்.

பஸ்ஸில் ஏறுகிறவர்களுக்குத்தான் எத்தனை அறுக்க வேண்டியிருக்கிறது! பலாப்பழ மூட்டையின் கயிறு, பிள்ளை கேட்கும் கொய்யாக்காய், ரவிக்கையில் நீட்டிக்கொண்டிருக்கும் நூல், காலேஜ் பையன்களின் மழுங்கிய பென்சில். யார் கேட்டாலும் உத்திராபதி கத்தியை எடுப்பார். ஆனால் கையில் கொடுக்க மாட்டார். சீட்டு ஓரத்தில் வைத்துவிட்டு, "வச்சிட்டேன், எடுத்துக்குங்க" என்பார். கத்தியைக் கைமாற்றினால் சண்டை வரும் என்று எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் சொல்வார்கள். என் அம்மா அரிவாள்மனையைக்கூடத் தரையில் வைத்துத்தான் தள்ளுவாள். உத்திராபதிக்கு இது இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி. ஒரு நாளைக்கு ஒரு பஸ் நிறைய ஜனத்தோடு சண்டை வந்தால் நான் எப்படிப் பிழைப்பது என்று கேட்பார். அவர் சொல்வதும் நியாயமாகத்தான் பட்டது.

அவருக்கு இன்னொரு சட்டமும் உண்டு. பஸ் வந்து நிற்பதற்குள் ஜன்னல் வழியாகத் துண்டை வீசி இடம் பிடிப்பது உலகத்துக்கே தெரிந்த வழக்கம். அந்தத் துண்டை மதிக்காத ஒரே கண்டக்டர் இவர்தான். கைக்குழந்தையோடு ஒருத்தி நிற்க, ஒரு துண்டு ஜம்மென்று உட்கார்ந்து வந்ததை ஒருநாள் பார்த்தாராம். அன்றிலிருந்து எந்தத் துண்டைக் கண்டாலும் எடுத்து மடித்து, "துண்டுக்கு டிக்கெட் உண்டா?" என்று கேட்டு உரியவர் தோளிலேயே போட்டுவிடுவார். தாசில்தார் ஆபீஸ் துண்டு, மிராசுதார் துண்டு என்று அவர் பார்த்ததில்லை.

அவருடைய உயிர்ச் சிநேகிதர் அபுல் ஹசன். பரங்கிப்பேட்டைக்காரர், பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. சில வருடம் பினாங்கில் இருந்துவிட்டு வந்து சிதம்பரம் கீழவீதியில் சின்னதாக ஒரு பேனாக் கடை வைத்திருந்தார். தினமும் காலையில் பு.முட்லூரில் ஏறுவார். ஏறியதிலிருந்து சிதம்பரம் வரை இரண்டு பேருக்கும் வாய் ஓயாது. உத்திராபதியின் பேனா பஸ் குலுக்கலில் மை கக்கும். அபுல் ஹசன் அதை அடிக்கடி வாங்கிப்போய், கழுவி, நிப்பைச் சரிபண்ணி, மை நிரப்பித் தருவார். எழுதிப் பார்க்கும்போது அவர் நாக்கு லேசாக வெளியே வந்து நிற்கும். அந்தப் பேனாவுக்கு அவர்தான் டாக்டர்.

ஆவணி மாதம் ஒருநாள் அபுல் ஹசன் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டு ஏறினார். பினாங்கில் விட்டு வந்த பெட்டி அப்போதுதான் கப்பலில் வந்து சேர்ந்திருந்தது.

"கைய நீட்டு மச்சான்" என்றார்.

உத்திராபதி நீட்டினார். உள்ளங்கையில் வந்து உட்கார்ந்தது சிவப்புப் பிடி போட்ட ஒரு சீமைக் கத்தி. ஒவ்வொன்றாக நகத்தால் இழுக்க இழுக்க உள்ளேயிருந்து வந்துகொண்டே இருந்தது: பெரிய கத்தி, சின்னக் கத்தி, திருப்புளி, கலர் பாட்டில் மூடி திறப்பது, அரம், விரல் நுழையாத அளவில் ஒரு கத்தரிக்கோல். கடைசியில் சுருள் சுருளாக ஒரு கம்பி வந்தது. இது எதற்கு என்று பஸ்ஸே கேட்டது. சீமைச் சாராயப் புட்டியின் தக்கையைப் பிடுங்குவதற்கு என்று அபுல் ஹசனுக்குத் தெரியும். மதுவிலக்குக் காலம், தொழுகை தவறாத மனுஷர், அவர் வாயால் எப்படிச் சொல்வார்? முடிச்சு அவிழ்க்க என்று சொல்லிவிட்டார். உத்திராபதியும் அன்றைக்கே அதை வைத்து ஒரு கோணிமூட்டையின் முடிச்சை அவிழ்த்துக் காட்டினார். சிதம்பரம் வரை அவர் யாருக்கும் டிக்கெட் கொடுத்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. அத்தனை சந்தோஷம்.

கத்தியைக் கையில் வாங்கிவிட்டார் என்பதை அவர் கவனிக்கவே இல்லை. என் பக்கத்தில் இருந்த அம்மாள் மட்டும் உச்சுக் கொட்டினாள்.

அன்று சாயங்காலமே வினை வந்தது. அபுல் ஹசனின் மாமியார் சலீமா பீவி நாகூரிலிருந்து வந்திருந்தார். சிதம்பரத்தில் அவரை அழைத்துக்கொண்டு, பஸ் நம்ம சிநேகிதனுடையது, உட்கார்ந்தபடி போகலாம் என்று மருமகன் பெருமையாகச் சொல்லியிருக்கிறார். பஸ் வந்ததும் துண்டை ஜன்னல் வழியாக வீசினார். முன்பக்கமாகக் கூட்டத்தை நெருக்கி ஏறுவதற்குள், உத்திராபதி பின்பக்கமிருந்து வந்து அந்த இடத்தில் ஒரு பிள்ளைத்தாச்சியை உட்கார வைத்துவிட்டார். துண்டை மடித்தார். வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே, "துண்டுக்கு டிக்கெட் உண்டா மச்சான்?" என்று சிநேகிதர் தோளில் போட்டார். பின்னால் நின்றவர் யார் என்று அவருக்குத் தெரியாது.

சலீமா பீவி முட்லூர் வரைக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே போனார். இறங்கும்போது சாந்தமாக ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"மாப்புள, பஸ்ஸு ஒங்க சேக்காளியோடதுன்னீங்களே, எந்த பஸ்ஸுன்னு சொல்லலியே."

பஸ் முழுக்கச் சிரித்தது. அபுல் ஹசன் சிரிக்கவில்லை. மறுநாள் ஏறியவர் சில்லறையைச் சரியாக நீட்டி டிக்கெட்டை வாங்கிக்கொண்டு, ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

திருப்பாதிரிப்புலியூரில் உத்திராபதியின் வீட்டில் அவர் மனைவி அமிர்தம் விஷயத்தைக் கேட்டதும் கேட்ட முதல் கேள்வி, "கத்திய கையிலயா வாங்கினீங்க?" என்பதுதான். மனுஷர் அப்படியே நின்றுவிட்டாராம். ஊருக்கெல்லாம் வைத்து வைத்துக் கொடுத்தவர், தன் சிநேகிதனிடம் மட்டும் கையை நீட்டி வாங்கிவிட்டார். கத்திதான் காரணம், வேறு எதுவும் இல்லை என்று அவர் மனசில் ஊன்றிவிட்டது.

அதற்குப் பிறகு நடந்த கூத்தை என்னவென்று சொல்ல! அபுல் ஹசன் எடுத்துக்கொள்ளட்டும், பிறகு முறையாகக் கீழே வைக்கச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம் என்று இவர் கணக்கு. கத்தியைக் கொண்டுபோய் அவர் சீட்டு ஓரத்தில் வைப்பார். பக்கத்திலிருப்பவர் அதை எடுத்து ஆரஞ்சு உரிப்பார். ஜன்னல் கட்டையில் வைத்தார்; பஸ் ஒரு குலுக்குக் குலுக்க, கத்தி ஒரு கருவாட்டுக் கூடைக்குள் விழுந்து, தேடி எடுத்த பிறகும் ஒரு வாரம் மணத்தது. அபுல் ஹசனோ, கொடுத்த பரிசைத் திருப்பிக் கொடுக்கிறான் என்று இன்னும் கொதித்தார். இரண்டு சீட்டுத் தள்ளி டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த உத்திராபதியிடம் என்னைத் தூது விட்டார்: வேண்டாமென்றால் வெள்ளாற்றில் போடச் சொல்லுங்கள். நான் அதைச் சொல்லவில்லை. எனக்கும் அந்த பஸ்ஸில் போக வேண்டுமே.

உத்திராபதியின் சட்டைப் பைதான் பார்க்கச் சகிக்கவில்லை. பேனா கக்கிய மை மிளகளவில் ஆரம்பித்து எலுமிச்சம்பழ அளவுக்கு வந்துவிட்டது. வேறு கடையில் கொடுக்க மனசு வரவில்லை. அபுல் ஹசன் ஜன்னலைப் பார்ப்பதுபோல உட்கார்ந்திருந்தாலும் கண் அந்த நீலக் கறைக்குப் போய்ப் போய் வந்ததை நான் பார்த்தேன். புண்ணைப் பார்க்கிற டாக்டரின் முகம் அது. இரண்டு பேரும் வாடினார்கள். எங்களுக்கும் அந்தப் பிரயாணம் உப்பில்லாமல் போயிற்று.

பொறுக்க முடியாமல் கார்த்திகைக் கடைசியில் நான் அபுல் ஹசனின் கடைக்குப் போனேன். கத்தி விவகாரத்தை விளக்கினேன். அவர் நிப்பைத் துடைத்துக்கொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும் முதல் தடவையாக உடைந்து பேசினார்.

"கத்தியா சண்ட போட்டுச்சு? கத்தி பாவம், பையில கெடந்துச்சு. துண்ட எடுத்து எந்தோள்ல போட்டவன் அவன். பின்னால நிக்கிறது யாருன்னு ஒரு வார்த்த கேட்டானா? என் துண்டும் ஊரான் துண்டும் ஒன்னா அவனுக்கு?"

இதை அப்படியே உத்திராபதியிடம் சொன்னேன். அவர் இடுக்கியை வெறுமனே அழுத்திக்கொண்டிருந்தார்.

மார்கழியில் ஆருத்ரா தரிசனம் வந்தது. அன்றைக்குக் காலை கடலூரிலேயே பஸ் பிதுங்கியது. நான் ஏறும்போது கண்ட காட்சியை நம்ப முடியவில்லை. டிரைவருக்குப் பின்னால், ஜன்னலோர முதல் சீட்டில் ஒரு துண்டு. உத்திராபதியின் சொந்தத் துண்டு. அதன்மேல் அந்தச் சிவப்புக் கத்தி. பக்கத்தில் காவலுக்கு அவரே நின்றார்.

ஆலப்பாக்கத்தில் ஏறிய ஒரு ஆள், முன்னொரு நாள் தன் துண்டைப் பறிகொடுத்தவர், நேராக வந்து கேட்டார்:

"ஏன் கண்டக்டரே, துண்டுக்கு டிக்கெட் உண்டா?"

பஸ் கொல்லென்று சிரித்தது. இத்தனை வருடமாக அவர் மடித்துப் போட்ட துண்டுகளெல்லாம் அன்றைக்குப் பழி வாங்கின. உத்திராபதியின் காது சிவந்துவிட்டது. ஒரு டிக்கெட்டைக் கிழித்தார். இடுக்கியால் ஓட்டை போட்டார். தன் சட்டையிலிருந்து சில்லறையை எடுத்துத் தோல்பையில் போட்டுவிட்டு, டிக்கெட்டைத் துண்டின் மடிப்பில் செருகினார். புதுச்சத்திரத்தில் ஏறியவர்களுக்கு மற்றவர்களே விளக்கம் சொன்னார்கள்: டிக்கெட் வாங்கின துண்டு, யாரும் உட்காரக் கூடாது.

முட்லூரில் அபுல் ஹசன் திருவிழா வியாபாரத்துக்குப் பேனாப் பெட்டியோடு நின்றார். கூட்டத்தைப் பார்த்ததும் அடுத்த பஸ்ஸுக்கு ஒதுங்கினார். உத்திராபதி கீழே இறங்கினார். விசிலை வாயிலிருந்து எடுத்தார். இந்த மனுஷன் இப்போது ஏறவில்லையென்றால் இனி எப்போதும் இல்லை என்று தோன்றியது.

"ஏறு மச்சான். ஒனக்கு எடம் போட்டு வச்சிருக்கேன்."

அபுல் ஹசன் ஒரு நிமிஷம் நின்றார். ஜனங்கள் எப்படித்தான் வழி விட்டார்களோ, பெட்டியும் கையுமாக முதல் சீட்டுக்கு வந்துவிட்டார். துண்டைப் பார்த்தார், கத்தியைப் பார்த்தார். டிரைவர் அய்யனார் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வண்டியை எடுக்காமல் இருந்தார். அபுல் ஹசன் முதலில் எடுத்தது டிக்கெட்டை.

"கடலூர்லேர்ந்தா போட்ட? நான் முட்லூர்ல தான ஏறுறேன்."

"துண்டு கடலூர்ல ஏறுச்சு" என்றார் உத்திராபதி.

அபுல் ஹசன் உதட்டைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. பெட்டி குலுங்கக் குலுங்கச் சிரித்தார். சிரிப்பு நடுவே கண்ணைத் துடைத்துக்கொண்டு, கத்தியை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். அய்யனார் ஆரன் அடித்து வண்டியைக் கிளப்பினார். வழியில் எந்த மாடும் இல்லை.

உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் காரியம், கையை நீட்டி உத்திராபதியின் பையிலிருந்து பேனாவை உருவியதுதான். மூடியைத் திறந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். சின்னக் கத்தியின் முனையால் நிப்பை நெம்பி எடுத்தார், அடிக்கட்டையைச் சுரண்டினார், கர்ச்சீப்பால் துடைத்தார், அரத்தால் ஒரு இழுப்பு இழுத்து மாட்டினார். புவனகிரி தாண்டி வெள்ளாற்றுப் பாலத்தில் பஸ் ஏறும்போது, டிக்கெட்டின் பின்பக்கம் எழுதிப் பார்த்தார். நாக்கு வெளியே வந்து நின்றது. பேனாவைத் திரும்பப் பையில் குத்தினார். பிறகு கத்தியை மடித்தார்.

"கீழ வை மச்சான், எடுத்துக்கறேன்" என்று உத்திராபதி சீட்டைக் காட்டினார்.

"கையில குடுத்ததாலதான் சண்டன்னு ஊரே சொல்லுது. சரி, இன்னொரு தடவ கையிலயே குடுக்கறேன். என்னா வருதுன்னு பாப்போம். வாங்கு."

பின்சீட்டில் யாரோ வேண்டாம் கண்டக்டரே என்றார்கள். உத்திராபதி தன் உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு நீட்டினார். வாங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் சிதம்பரத்தில் தரிசனம் முடிந்த கூட்டம் பஸ்ஸை மொய்த்தது. எனக்கு முன்னால் நின்ற அபுல் ஹசன் தன் துண்டை எடுத்து ஜன்னல் வழியாக ஒரு வீசு வீசினார். நாங்கள் ஏறிப் போவதற்குள் அந்த இடத்தில் சாமி பார்த்துக் களைத்த ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். உத்திராபதி மடித்த துண்டோடு காத்திருந்தார். சிநேகிதர் முகத்தைப் பார்த்தார், ஒரு வினாடி தயங்கினார், அப்புறம் தோளில் போட்டார்.

"டிக்கெட் உண்டா மச்சான்?"

"போடா" என்று சொல்லிவிட்டு அபுல் ஹசன் கம்பியைப் பிடித்துக்கொண்டார். முட்லூர் வரைக்கும் நின்றுகொண்டே போனார். இரண்டு பேரும் பேசிய பேச்சில் எனக்குத்தான் தூங்க முடியவில்லை.