கடைசி நரம்புச் சீவலை ஷீலா என்ன செய்தாள்

ஷீலா போய்விட்டாள்.

காலையில் அவள் தம்பி போன் செய்தான். "அக்கா... ஷீலாக்கா போயிட்டா" என்றான்.

கீரிப்பாறை பஸ்ஸில் உட்கார்ந்து இதை டைப் செய்துகொண்டிருக்கிறேன். பூதப்பாண்டி தாண்டியாயிற்று... லேசாகத் தூறுகிறது. அவளுடைய அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது என்றுதான் தெரியவில்லை.

நானும் ஷீலாவும் பிஎச்டி காலத்தில் ஒரே மேசை. நாகர்கோவிலில் ஒரு கல்லூரி லேப். நான் அஞ்சுகிராமம், அவள் கீரிப்பாறை ரப்பர் எஸ்டேட் வீட்டுப் பெண். எங்கள் இருவருக்கும் வேலை நரம்பில்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். நரம்பு இழையைச் சுற்றிப் போர்த்தியிருப்பது ஷ்வான் செல். அதன் மேல்பரப்பில் சர்க்கரைகள் இருக்கும். லெக்டின் என்ற புரதம் தனக்குப் பிடித்த சர்க்கரையைத் தேடிப்போய்ப் பற்றிக்கொள்ளும். அதோடு ஒளிரும் சாயம் ஒன்றைச் சேர்த்துவிட்டால், பிடித்த இடமெல்லாம் மைக்ராஸ்கோப்பில் பச்சையாகத் தெரியும்.

எங்கள் லெக்டின் சக்கக்குருவில் இருந்து வந்தது. ஆமாம், பலாக்கொட்டைதான்! ஷீலாவின் அம்மா பையில் கட்டி எஸ்டேட் பஸ்ஸில் கொடுத்துவிடுவார். அதை அரைத்து, வடித்து, நாங்களே லெக்டின் பிரித்தெடுப்போம்.

ஒரு தடவை வாரம் முழுக்க எல்லா ஸ்லைடும் இருட்டு. மைக்ராஸ்கோப்பில் லைட் போய்விட்டது என்று நான் மெக்கானிக்கைக் கூப்பிடக் கிளம்பிவிட்டேன். ஷீலாவுக்கு என்ன தோன்றியதோ, அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தாள்.

"பையில கெடந்து அழுகிரப்பிடாதுன்னு வெந்நியில ஒரு கொதி விட்டுக் காயப்போட்டேன் மக்கா. ஏன், வெந்தது போதலியா?"

வெந்த லெக்டின் எதையும் பிடிக்காது. ஷீலா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். மிச்சம் இருந்த குருவை அன்றைக்கே உப்புப் போட்டு அவித்துத் தின்றோம்.

எலி நரம்பில் எல்லாம் சரியாக வந்த பிறகுதான் மனித நரம்புக்குப் போனோம். கால் மரத்துப்போன ஒரு பெரியவருக்கு டாக்டர்கள் பயாப்ஸி எடுத்ததில் மிஞ்சிய துண்டு, அவர் சம்மதத்தோடு எங்களுக்குக் கிடைத்தது. அரிசி அளவுகூட இருக்காது. மெலிசாகச் சீவினால் கொஞ்சம்தான் தேறும்.

ஷீலாவின் சீவல்கள் பளிச்சென்று ஒளிர்ந்தன. நோய் வந்த நரம்பில் ஷ்வான் செல்லின் சர்க்கரை கூடுகிறது என்று அவள் தைரியமாகச் சொல்லலாம். அந்தப் படத்தைப் பார்த்துத்தான் ஒரு வெளிநாட்டு லேப் அவளை வரச் சொன்னது. வீட்டில் பெட்டிகூட வாங்கிவிட்டார்கள்.

ஒரே ஒரு சீவல் பாக்கி இருந்தது. இன்னும் தெளிவாக ஒரு படம் எடுத்துவிடும்மா என்றார் கைடு.

ஷீலா அதைக் கண்ட்ரோலுக்கு வைத்தாள். அதாவது, லெக்டினுக்குப் பிடித்த சர்க்கரையை முன்கூட்டியே அதற்குக் கொடுத்துவிடுவது. வயிறு நிறைந்த லெக்டின் அதற்குப் பிறகு நரம்பைத் தொடாது. ஸ்லைடு இருட்டாகிவிட வேண்டும். எலி நரம்பில் அப்படித்தான் ஆனது.

இது இருட்டாகவில்லை. அதே பச்சை.

வயதானவர்களின் நரம்பு தானாகவே கொஞ்சம் ஒளிரும்... நாங்கள் அத்தனை நாள் பார்த்துச் சந்தோஷப்பட்டது பெரும்பாலும் அதைத்தான். ஷீலா கண்ணை எடுக்காமல் அப்படியே குனிந்திருந்தாள்.

"ஏட்டி, இத யாரு கேக்கப் போறா? மொதப் படம் போதும்லா" என்றேன்.

"நான் பாத்தாச்சுல்லா" என்றாள்.

இரண்டு படங்களையும் சேர்த்து அந்த வெளிநாட்டு லேபுக்கு அவளே மெயில் அனுப்பினாள். அந்த இடம் வேறு யாருக்கோ போயிற்று. எலி நரம்பை மட்டும் வைத்துத் தீசிஸ் முடித்தாள், ஊர்ப்பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் பயாலஜி டீச்சர் ஆனாள். அதைப் பற்றி ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை.

எனக்கு அன்றைக்கு அவள்மேல் கோபம். இன்றைக்கும் கொஞ்சம் இருக்கிறது... எங்கேயோ போயிருக்க வேண்டியவள்.

போன மாதம் ஆஸ்பத்திரியில் பார்த்தேன். கீமோவில் ரொம்ப இளைத்திருந்தாள். கால் இரண்டும் மரத்துப்போய்விட்டன என்றாள். அந்த மருந்து நரம்பைக் கெடுக்கும் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும். பேச்சை மாற்றப் பார்த்தேன். விடவில்லை.

"நீ இப்பமும் நரம்புதானே பாக்கே? எனக்க கால்ல ஒரு துண்டு எடுத்துக்கோ மக்கா. டாக்டர்ட்ட நான் சொல்லுகேன்."

"பேசாம கெட ஏட்டி."

கண்ணை மூடிக்கொண்டாள். தூங்கிவிட்டாள் என்று நினைத்து நான் எழுந்தேன்.

"எடுத்தா கொஞ்சம் பெருசா எடு, கேட்டியா... கண்ட்ரோலுக்கும் வேணும்லா."

எடுக்கவில்லை ஷீலா. மனசு வரவில்லை.

தடிக்காரன்கோணம் வந்துவிட்டது, அடுத்தது கீரிப்பாறைதான். இதோ வந்துவிட்டேன் ஏட்டி.