வெள்ளைத் துணி வந்த வாரங்கள்

தெருவில் எல்லோரும் அவரை ‘வெள்ளைக்காரர்’ என்று கூப்பிடுவார்கள். ஆளோ நல்ல கறுப்பு. டாக்டர்கள் போடும் வெள்ளைக் கோட்டு தைப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை என்பதால் வந்த பெயர் அது.

போன வருஷம் அந்தத் தையல்காரருக்கு மாரடைப்பு வந்தது. எமன் வாசல் வரை போய்த் திரும்பினார். ரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை. அதன்பின் ஊசி லேசாகக் குத்தினாலும் விரலில் ரத்தம் நிற்காமல் கசிந்தது. ஒருநாள் புதுக் கோட்டின் காலரில் ஒரு சிவப்புப் பொட்டு! அன்று முழுதும் மனிதர் சாப்பிடவே இல்லை.

அப்புறம் யாருக்கும் தெரியாமல் ஒரு காரியம் செய்தார். கோட்டுக்குத் துணி வந்த வாரங்களில், மாத்திரையை வாயில் போடுவார். மனைவி அந்தப் பக்கம் திரும்பியதும் துப்பிவிடுவார்.

ஒரு காலையில் கட்டைவிரலில் ஊசி ஏறியது. மனைவி பஞ்சோடு ஓடி வந்தாள். ஒரு துளி எட்டிப் பார்த்தது, உடனே நின்றுவிட்டது. அவள் அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“என்னங்க, ரத்தம் ஏன் நின்னுடுச்சு?”

“நின்னா நல்லதுதானே?”

“போன மாசம் இதே விரலுக்குக் கட்டு மேல கட்டு போட்டேனே! மாத்திரையை என்ன பண்ணினீங்க?”

அவர் தலை குனிந்தார். “டாக்டர் கோட்டைக் கறையோட குடுக்கச் சொல்றியா? என் பேர் என்ன ஆகும்?”

“கறையை அலசிடலாங்க. நீங்க போயிட்டா நான் எதைப் போட்டு அலசறது?” அவள் உடைந்து அழுதாள்.

அன்றே அவரை இதய டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

“நீங்களா ஒருநாள்கூட நிறுத்தக் கூடாது. ரத்தக்குழாய்ல வெச்ச ஸ்டென்ட் அடைச்சுக்கும்” என்ற டாக்டர், தன் காலரைத் தொட்டுக் காட்டினார். “இதுவும் நீங்க தைச்சதுதான். கறை இருந்தாலும் போட்டுக்கறேன். நீங்க இருக்கணும்.”

திரும்பும் வழியில் மனைவி தீர்ப்புச் சொன்னாள்: “இனிமே மெஷின் உங்களுக்கு. ஊசி எனக்கு.”

“உன் கைத்தையலா? எலி கடிச்ச மாதிரி இருக்கும்!”

“இருக்கட்டும். நீங்க உயிரோட இருந்து திட்டுங்க, கேட்டுக்கறேன்.”

தன் கோட்டில் அதுவரை இன்னொருவர் கை பட விடாதவர் அவர். மறுநாள் அவள் கண்ணெதிரே மாத்திரையை விழுங்கி, வாயையும் திறந்து காட்டிவிட்டு, ஊசியை நீட்டினார்.

அவள் பட்டன் தைத்து முடித்தாள். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இழுத்துப் பார்த்தார். திருகிப் பார்த்தார். அது அசையவில்லை.

“இவ்வளவு நல்லா தைப்பேன்னு இத்தனை வருஷமா ஏன் சொல்லலை?”

“ஊசியை எங்கே கையில குடுத்தீங்க?”

சிரித்தபடி அடுத்த கோட்டை எடுத்து அவள் மடியில் வைத்தார்.