கேமராவைப் பற்றி எதுவும் கேட்காத ஆள்

"வீட்ல யார் யார் இருக்கீங்க மேடம்?" என்று அந்த ஆள் போனில் கேட்டபோது ஐரீனுக்கு அது தப்பாகவே படவில்லை. நானும் வீட்டுக்காரரும்தான் சார், அவர் படுத்த படுக்கையா இருக்காரு, வெளியே எங்கேயும் போறதில்லை, எப்ப வேணும்னாலும் பொருளை வந்து வாங்கிக்கலாம் என்று வெள்ளந்தியாகச் சொல்லி வைத்துவிட்டாள். அந்த ஒரு பதிலை நினைத்து நினைத்து அவள் பல மாதம் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அவள் கணவர் லியோனார்ட் ராயபுரம், காசிமேடு பக்கம் கல்யாணங்களுக்கு வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர். 2005 ஜனவரியில் ஒரு மண்டபத்தில் ஏணிமேல் நின்று தாலி கட்டுவதை எடுக்கும்போது ஏணி சறுக்கிவிட்டது. விழுகிறபோதும் கேமராவை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டார். கேமராவுக்கு ஒரு கீறல்கூட இல்லை, அவருடைய முதுகுத்தண்டுதான் போயிற்று. அதன்பிறகு எர்ணாவூர் மாடி வீட்டின் உள்ளறையில் கட்டிலோடு கட்டிலாகிவிட்டார். செப்டம்பர் மாதம், "இனிமே அத வச்சினு இன்னா பண்ணப்போறேன், வித்துடு ஐரீன்," என்று அவரே வாயைத் திறந்து சொன்னார்.

திருவொற்றியூரில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த ஷாகுல் ஹமீதுதான் வழி காட்டினான். கடைக்காரனிடம் கொடுத்தால் பாதி விலைகூடத் தேறாது, பழைய சாமான்களை ஏலம் விடும் வெப்சைட் ஒன்று இருக்கிறது, அதில் போடலாம் என்றான். அவனே படம் எடுத்து, விவரம் எழுதிப் போட்டான்.

இரண்டு பேர் போட்டி போட்டார்கள். ஒருவர் ஓசூரிலிருந்து கிருஷ்ணப்பன் என்பவர். அந்த மனிதர் கேள்வி கேட்டே ஆளை ஓய்த்துவிட்டார். டேப்பைப் படிக்கும் ஹெட் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது, லென்சில் பூஞ்சை உண்டா, டேப் சிக்குமா, பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கும், மைக் குழியில் லூஸ் இருக்கிறதா என்று தினம் ஒரு மெயில். ஐரீன் ஒவ்வொன்றையும் காகிதத்தில் எழுதிக்கொண்டு போய் லியோனார்டிடம் கேட்டு வந்து பதில் போட வேண்டியிருந்தது. "இந்தாளு வாங்கப் போறாரா, பரீட்சை வைக்கப் போறாரா பாய்?" என்று ஷாகுலிடம் அலுத்துக்கொண்டாள்.

இன்னொருவர் விக்ரம். ஒரு கேள்வி கிடையாது. கிருஷ்ணப்பன் ஐந்நூறு ஏற்றினால் இவர் மூவாயிரம் ஏற்றினார். கடைசியில் ஏலம் அவர் பேரில்தான் முடிந்தது, அதுவும் புதுக் கேமராவின் விலையை நெருங்கிவிட்ட தொகைக்கு.

ஷாகுல் திரையில் விக்ரம் பேருக்குப் பக்கத்திலிருந்த எண்ணைக் காட்டினான். "அக்கா, இதுவரைக்கும் எத்தினி பேரு இவர நல்லவருன்னு எழுதிக்கிறாங்கன்னு இங்க போட்ருக்கும். ஓசூர்காரருக்கு அம்பத்தேழு கீது. இவருக்கு முட்டை. சேந்தே நாலு நாள்தான் ஆவுது."

"புதுசா சேந்திருப்பாரு பாய். எல்லாரும் ஒரு நாள் புதுசுதானே," என்றாள் ஐரீன். அந்தத் தொகை அவள் கண்ணை மறைத்துவிட்டது.

மறுநாளே விக்ரம் லியோனார்டின் செல்லுக்குக் கூப்பிட்டார், ஐரீன்தான் எடுத்தாள். நல்ல மரியாதையான பேச்சு. டிமாண்ட் டிராப்ட் கூரியரில் அனுப்புகிறேன், வீட்டு விலாசம் சொல்லுங்கள் என்றார். அப்போதுதான் அந்த 'யார் யார் இருக்கீங்க' கேள்வி.

டிராப்ட் சனிக்கிழமை காலை பதினொன்றரைக்கு வந்தது. கூரியர்காரன் படியிறங்கி ஐந்து நிமிடம் ஆகவில்லை, போன் அடித்தது.

"டிடி வந்துடுச்சா மேடம்? என் பசங்க ரெண்டு பேர் உங்க ஏரியாலதான் இருக்காங்க. இப்பவே வந்து எடுத்துப்பாங்க."

ஐரீன் சந்தோஷத்தோடு டிராப்டைக் கொண்டுபோய் லியோனார்டின் கையில் கொடுத்தாள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"இந்தாளு ஹெட்டப் பத்தி எதுனா கேட்டாரா?"

"இல்ல."

"பேட்டரி? லென்சு?"

"ஒண்ணுமே கேக்கல."

"அப்ப இன்னாதான் கேட்டாரு?"

ஐரீன் யோசித்தாள். விலாசம். வீட்டில் யார் இருக்கிறார்கள். அக்கம்பக்கம் நெருக்கமாக இருக்குமா. எந்த நேரத்தில் வரலாம். ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவள் குரலே அவளுக்கு அந்நியமாகக் கேட்டது.

"இவ்ளோ காசு போட்டு வாங்குறவன் அதப் பத்தி ஒரு வார்த்த கேக்காம இருப்பானா? இன்னிக்கு சனிக்கெழம. பன்னெண்டு மணிக்கு பேங்க்க மூடிருவான். அதுக்குத்தான் பாத்து அனுப்பிக்கிறான். குடுத்துடாத ஐரீன்."

கீழே ஆட்டோ வந்து நின்றது. படியில் இரண்டு ஜோடி செருப்புச் சத்தம். லியோனார்ட் டிராப்டைத் தலையணைக்கடியில் செருகினார். அவரால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

வாசலில் நின்றவர்களில் ஒருவன் நல்ல சட்டை போட்டு, இன் பண்ணியிருந்தான். மற்றவன் ஒன்றும் பேசாமல் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"விக்ரம் சார் அனுப்பினாரு. கேமரா."

"சர்வீசுக்குக் குடுத்துக்கிறோம்," என்றாள் ஐரீன். "திங்கக்கெழம வாங்க."

அவன் அவள் தோளுக்கு மேலே உள்ளே பார்த்தான். பீரோ பக்கத்தில் கறுப்பு கேமராப் பையும் ஸ்டாண்டும் பளிச்சென்று தெரிந்தன. அவன் சிரித்தான். சிரித்துக்கொண்டே ஒரு காலை எடுத்து நிலைப்படிக்கு உள்ளே வைத்தான். "அதோ இருக்கே மேடம்."

ஐரீன் கதவைப் பிடித்துக்கொண்டாள். சாத்த முடியாது, அவன் கால் இருக்கிறது. உள்ளேயிருந்து லியோனார்ட், "யாரு அது?" என்று அதட்டினார். எழுந்து வர முடியாத மனிதரின் அதட்டல் அது என்பது இவர்களுக்குத் தெரியும். அவளேதான் சொல்லியிருக்கிறாள்.

"சரி, கேமராவத் தர மாட்டீங்கன்னா டிடியத் திருப்பிக் குடுங்க. நாங்க போயிடறோம்," என்றான் அவன்.

அவசரப்படுகிற இந்தக் குரல் போனில் கேட்ட மரியாதைக்குரலாகத் தெரியவில்லை. கேமராவைவிட, நாளைக்கு மாட்டிவிடக்கூடிய அந்தக் காகிதம் இவனுக்கு முக்கியம் என்பது ஐரீனுக்குச் சட்டென்று புரிந்தது. எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் ஒரு பொய் அவள் வாயிலிருந்து விழுந்தது.

"டிடி பேங்குக்குப் போயிடுச்சே. எங்க கொழுந்தன் எடுத்துனு போயிக்கிறாரு. மேனேஜர் அவருக்குத் தெரிஞ்சவரு. செக் பண்ணிட்டு இப்ப போன் பண்ணுவாரு, இருங்க."

அவளுக்குக் கொழுந்தனே கிடையாது. நல்ல சட்டைக்காரன் மற்றவனைத் திரும்பிப் பார்த்தான். அதே நேரம் கீழ்வீட்டுக் கன்னியம்மா மீன் கூடையோடு படியேறி வந்து, "இன்னா ஐரீனு, யாரு இவனுங்கோ? ஆட்டோவ வழில நிறுத்திக்கினு கீறாங்கோ, நான் எப்டி போறது?" என்று தெருவுக்கே கேட்கும்படி சத்தம் போட்டாள். அவன் நிலைப்படியிலிருந்து காலை எடுத்தான். இருவரும் இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினார்கள். ஆட்டோ எர்ணாவூர் ரயில்வே கேட் பக்கமாகப் பறந்தது.

ஐரீன் நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். கன்னியம்மா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

திங்கட்கிழமை பேங்கில் மேனேஜர் டிராப்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். இந்த எண்ணில் எங்கள் பேங்க் எதுவும் கொடுக்கவில்லை, பிரிண்டரில் அச்சடித்தது, முத்திரையும் போலி என்றார். "இத நீங்க கணக்குல போட்டிருந்தா முதல்ல உங்களத்தான் விசாரிப்பாங்க, தெரியுமா?" ஷாகுல் ஹமீது கூட வந்து ஸ்டேஷனில் புகார் எழுதிக் கொடுத்தான். எழுதி வாங்கிக்கொண்ட ஏட்டு, "முன்ன பின்ன தெரியாதவனுக்கு வீட்டு அட்ரஸ் குடுப்பீங்களாம்மா?" என்றார்.

அதோடு முடியவில்லை. புதன்கிழமை தெரியாத எண்ணிலிருந்து போன். எடுத்தால் பேச்சில்லை. மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் அதே மரியாதைக்குரல் பேசியது. "கொழுந்தன் எப்படி இருக்காரு மேடம்? சார் இன்னும் படுத்துதான் இருக்காரா?"

ஐரீன் செல்லை அணைத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள். அன்றிலிருந்து ஆட்டோச் சத்தம் கேட்டாலே ஜன்னலுக்கு ஓடினாள். கடைக்குப் போனால் லியோனார்டை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போக மனம் வராது, பூட்டாமல் போகவும் பயம். கன்னியம்மா மீன் வியாபாரத்தை விட்டுவிட்டு வாசலில் காவல் உட்கார்ந்த நாட்களும் உண்டு.

நவம்பரில் ஷாகுல் அவளைக் கூப்பிட்டு ஓசூர்க்காரருக்கு எழுதச் சொன்னான். அவளுக்குத் தயக்கம்தான். இருந்தும் எழுதினாள், இந்த முறை வீட்டு விலாசம் தராமல், பிரவுசிங் சென்டருக்கு வரச் சொல்லி. கிருஷ்ணப்பன் சொந்தமாக இரண்டு டேப்பும் ஒரு லென்ஸ் துடைக்கும் துணியும் எடுத்துக்கொண்டு ரயிலேறி வந்தார். ஐம்பது வயது, தடித்த கண்ணாடி. கடையில் உட்கார்ந்து ஒன்றரை மணி நேரம் கேமராவைக் குடைந்தார். அவர் ஒவ்வொரு குழியிலும் விரல் விட்டுப் பார்க்கப் பார்க்க, ஐரீனுக்கு இரண்டு மாதத்தில் முதல்முறையாக மூச்சு சீராக வந்தது. இப்படித்தான் இருக்கும், வாங்க வருகிற ஆள் இப்படித்தான் பொருளைக் கேட்பான் என்று நினைத்துக்கொண்டாள். அன்றே பேங்குக்குப் போய் அவள் கணக்கில் பணத்தைக் கட்டிவிட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் கிளம்பினார்.

பிப்ரவரியில் போலீசிலிருந்து ஆள் வந்தது. பெரியமேட்டு லாட்ஜ் ஒன்றில் பிரிண்டரும் ரப்பர் ஸ்டாம்புகளுமாக மூன்று பேர் பிடிபட்டிருந்தார்கள். அடையாளம் காட்ட ஸ்டேஷனுக்குப் போனபோது அவளைப்போல ஏமாந்தவர்கள் இன்னும் பதினோரு பேர் இருந்தார்கள். அவர்களில் ஒரு கிழவர் தன் பேரன் வாங்கித் தந்த லேப்டாப்பைத் தூக்கிக் கொடுத்துவிட்டு நின்றார். நல்ல சட்டைக்காரனை ஐரீன் பார்த்தவுடனே கைநீட்டி அடையாளம் காட்டினாள். அவன் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தான். அந்தப் பார்வைக்குப் பயந்தாவது கைநீட்டாமல் இருந்திருக்கலாமோ என்று ஒரு கணம் அவளுக்குத் தோன்றியது. ஆனால் நீட்டிய கையை அவள் இறக்கவில்லை.

கோடைக்குள் வீட்டை மாற்றிவிட்டார்கள். ராயபுரத்தில் லியோனார்டின் அக்கா வீட்டுக்குப் பின்னால் கீழ்த்தளத்தில் ஒரு போர்ஷன். கன்னியம்மா ஒரு முழு வஞ்சிரத்தோடு பால் காய்ச்ச வந்தாள். ஐரீன் அவளை உட்காரவைத்து, இந்த விலாசத்தை யார் கேட்டாலும் தெரியாது என்று சொல்லச் சொன்னாள்.

"யாரு கேட்டாலும்தானே? அந்தக் கடவுளே வந்து கேட்டாலும் சொல்ல மாட்டேன், போமே," என்றாள் கன்னியம்மா, மீனை அரிந்துகொண்டே.